நூல்நிலையமும் சோலை வரியும்
யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் தொடக்ககால நிதியும் மலையகத்தின் நிலையும்

பொது நூல்நிலையம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் நூற்றொகையையும், கட்டடத்தின் எழிலையும், திறப்பு விழாவுக்கு வந்த பெருமக்களின் பெயர்களையும் குறிப்பிட்டு அமைவதே பெருவழக்கு. அந்நிலையத்தின் வாடகையைக் கொடுத்தவர் யார், நூலகருக்கு மாதந்தோறும் ஊதியம் வழங்கியவர் யார், கிழிந்த நூலைக் கட்டுவதற்கும் புதிய நூலை வாங்குவதற்கும் பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் இடம் பெறுவது அரிது. ஆயினும், நூல்நிலையம் ஒன்று பத்தாண்டு நிலைத்ததா, ஈராண்டில் மூடப்பட்டதா என்பதைத் தீர்மானிப்பவை இவ்வினாக்களுக்கான விடைகளே. பணம் கொடுப்பவன் எவனோ அவனை நோக்கியே நூல்நிலையத்தின் வாயில் திறக்கிறது.

இவ்வுண்மையை ஆராய்வதற்கு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் முதற் கால்நூற்றாண்டு மிகவும் ஏற்றது. ஒருவரது வீட்டில் தொடங்கி, நன்கொடையால் வளர்ந்து, உள்ளூராட்சிச் சபையின் வரிப்பணத்தால் நிலைபெற்று, பின்னர்ப் பெருங்கட்டடமாக உயர்ந்த நிலையம் அது. அவ்வரலாற்றோடு மலையகத் தோட்டப் பகுதிகளின் நிலையை ஒப்பிட்டு நோக்கின், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய நகரங்களைச் சூழ்ந்து வாழ்ந்த பெருந்தொகையான மக்கள் பொது நூல்நிலையப் பயனை நெடுங்காலம் பெறாதிருந்ததன் காரணமும் தெளிவாகும்.

மூவகைப் பொருள்

நூல்களைப் பலர்க்கும் பயன்படும் வண்ணம் ஓரிடத்தே தொகுத்து வைப்பதற்கு மாந்தர் கண்ட வழிகள் மூன்று. அவை அறக்கொடை, சந்தா, வரி என்பன.

அறக்கொடையே அவற்றுள் தொன்மையானது. 13ஆம் நூற்றாண்டில் சிதம்பரம் கோயிலில் சரசுவதி பண்டாரம் என்னும் ஏட்டுச் சாலை இருந்தமையைக் கல்வெட்டுக்கள் அறிவிக்கின்றன. அத்தகைய ஏட்டுச் சாலைகள் கோயிலுக்குக் கிடைத்த கொடையால் நடைபெற்றன. தஞ்சைச் சரசுவதி மகாலைப் பெருக்கிய சரபோசி மன்னர், 1798 முதல் 1832 வரை அரசிருந்தவர். அவர் தேடிய ஏடுகளும் அச்சு நூல்களும் அரண்மனைச் செல்வத்தால் வந்தவை. அந்நிலையம் பொதுமக்களுக்கு உரியதாக்கப்பட்டது 1918ஆம் ஆண்டிலேயாம். கொடையால் எழுந்த நிலையம் கொடையாளரின் குடி தளரத் தானும் தளர்வது இயல்பு.

இரண்டாவது வழி சந்தா. இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றிய நூல்நிலையங்கள் பலவும் இவ்வகையின. கொழும்பு நூல்நிலையம் 1824இலும், புறக்கோட்டை நூல்நிலையம் 1829இலும் தொடங்கப்பெற்றன. கண்டி வாவிக்கரையில் அரசியர் நீராடிய மண்டபம் ஒன்று உண்டு. அதன் மேன்மாடம் ஆங்கில அலுவலர்க்கு உரிய நூல்நிலையமாக ஒரு காலத்திற் பயன்பட்டது. இவற்றின் பயன் உறுப்பினர் அளவில் நின்றது. சந்தா கட்ட இயலாதவன் வாயிலைக் கடந்து செல்லலாமேயன்றி உள்ளே புகுதல் இயலாது. கொழும்பில் அவ்விரு நூல்நிலையங்களும் ஒன்றாகி மாநகர சபையின் பொது நூல்நிலையமாக அமைந்தது 1925ஆம் ஆண்டில்.

மூன்றாவது வழியாகிய வரி, இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டின் பொது நூல்நிலையச் சட்டத்தோடு தோன்றியது. வில்லியம் யூவார்ட் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் அதனைக் கொணர்ந்தார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில், வரி செலுத்துவோருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால், சொத்து மதிப்பில் ஒரு பவுணுக்கு அரைப் பென்சு வரை நூல்நிலையத்துக்கெனத் தண்டலாம் என்பது அதன் விதி. அப்பணத்தைக் கட்டடத்துக்கும் ஊழியருக்கும் செலவிடலாம். நூல் வாங்குதற்குச் செலவிடல் ஆகாது என்பது அச்சட்டத்தின் விந்தையான மற்றொரு விதி. நூல்களைச் செல்வர் கொடையாக அளிப்பர் என்று சட்டமியற்றியோர் நம்பினர். ஐந்தாண்டுக்குள் அந்நம்பிக்கை பொய்த்தது. 1855இல் வரியெல்லை ஒரு பென்சாக உயர்ந்தது. நூல் வாங்கவும் இசைவு கிடைத்தது. அந்த ஒரு பென்சு எல்லை 1919ஆம் ஆண்டு வரை நீடித்தது.

அமெரிக்கச் செல்வர் அந்துரு கார்னெகி உலகெங்கும் இரண்டாயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட நூல்நிலையக் கட்டடங்களுக்குப் பொருள் வழங்கினார். அவர் விதித்த நிபந்தனை இவ்விடத்தே கருதற்பாலது. நகரம் நிலம் தருதல் வேண்டும். அத்துடன், அவர் கொடுத்த தொகையிற் பத்தில் ஒரு பங்கினை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து நிலையத்தைப் பேணுதற்கு ஒதுக்குவதாக உறுதி கூறுதலும் வேண்டும். கொடை சுவரை எழுப்புமேயன்றி விளக்கை நாள்தோறும் ஏற்றாது என்பதை அப்பெருஞ்செல்வர் நன்குணர்ந்திருந்தார்.

வீட்டிலிருந்து வீதிக்கு

யாழ்ப்பாணத்தில் இம்மூன்று வழிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய முறைமை கருத்தைக் கவர்வது. நீதிமன்றத்திற் பணியாற்றிய க. மு. செல்லப்பா என்பார் 1933ஆம் ஆண்டில் தமது இல்லத்திலேயே தம் நூல்களை வைத்துப் பிறரும் படிக்க உதவினார். தனிமனிதர் ஒருவரின் கைப்பொருளும் காலமும் அதற்கு முதலாக அமைந்தன. ஆயினும், அவ்வளவில் அவர் அமைந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் யாவர்க்கும் பயன்படும் இலவசத் தமிழ் நூல்நிலையம் ஒன்று வேண்டுமென அவ்வாண்டின் இறுதியிற் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். இலவசம் என்னும் சொல்லை அவர் ஆண்டமை நோக்கற்பாலது. சந்தா நூல்நிலையங்களையே நாடு பெரிதும் அறிந்திருந்த காலத்தில், கட்டணமின்றிக் கற்கும் உரிமையை அச்சொல் முன்வைத்தது.

காலமோ வறட்சிக் காலம். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இலங்கையின் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் தாக்கியிருந்தது. அரசாங்க உத்தியோகத்தர் பலருடைய வருவாயை நம்பியிருந்த யாழ்ப்பாணக் குடும்பங்களும் அதன் வெப்பத்தை உணர்ந்தன. அத்தகைய ஆண்டுகளில் நூலுக்கெனப் பணம் கேட்டுப் படியேறுதல் எளிய செயலன்று.

1934ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள் கூடிய பொதுக்கூட்டத்தில் நூல்நிலையக் குழு அமைந்தது. ஐசாக் தம்பையா அதன் தலைவராகவும், செல்லப்பா செயலாளர்களுள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். சைவரும் கிறித்தவரும், நீதித்துறையினரும் ஆசிரியரும் ஒரு நோக்கத்தின்பாற் கூடியமை அக்குழுவின் வலிமையாயிற்று. அவ்வாண்டு ஆகத்து 1ஆம் நாள், ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த சிறிய அறை ஒன்றில், 844 நூல்களோடு நூல்நிலையம் திறக்கப்பெற்றது. செய்தித்தாள்களும் சஞ்சிகைகளும் அங்குப் படிக்கக் கிடைத்தன.

இக்கட்டத்தில் நூல்நிலையத்தின் கணக்கேடு எத்தகையதாயிருத்தல் கூடும் என்பது எளிதில் உய்த்துணரத்தக்கது. வரவு ஒருமுறை வருவது. செலவு மாதந்தோறும் வருவது. நன்கொடையாளர் ஒருவர் நூற்றுக்கணக்கான நூல்களை ஒரு நாளிற் கொடுத்துவிடலாம். வாடகையோ முதற்றேதி தோறும் கேட்கும். ஊழியரின் ஊதியமும், விளக்கெண்ணெயும், செய்தித்தாளுக்கு உரிய பணமும் அவ்வாறே. கோயில் விளக்கிற்குப் பிடியரிசி எடுக்கும் வழக்கத்தை அறிந்த ஊரார்க்கு இவ்வுண்மை புதிதன்று. திருவிழாவுக்குப் பொருள் சேர்த்தல் எளிது. நாட்பூசைக்குப் பொருள் தேடுதலே அரிது.

பட்டின சபையின் பொறுப்பு

நன்கொடையால் நடந்த நிலை ஐந்து மாதமே நீடித்தது. 1935ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பட்டின சபை நூல்நிலையத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது. இந்நூல்நிலையத்தின் வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சி இதுவே எனக் கூறுதல் தகும். பின்னாளில் நாட்டப்பெற்ற அடிக்கல்லையும் நிகழ்ந்த திறப்பு விழாவையும் விட இதன் பயன் பெரிது.

1920ஆம் ஆண்டின் உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டம் நகரப்புறங்களில் இத்தகைய சபைகளை அமைத்தது. அவற்றின் முதன்மை வருவாய்களுள் ஒன்று சோலை வரி. நகர எல்லைக்குள் உள்ள வீடு, கடை, வளவு ஆகியவற்றின் ஆண்டு மதிப்பை அளவிட்டு, அம்மதிப்பில் இன்ன வீதம் எனச் சபை விதிப்பது அவ்வரி. தெரு விளக்கும், வடிகாலும், சந்தையும், துப்புரவும் இப்பணத்தால் நடைபெற்றன. அவற்றோடு நூல்நிலையமும் சேர்ந்தது. அதனால் விளைந்த மாற்றங்கள் மூன்று.

முதலாவது, வரவு ஒழுங்குபெற்றது. ஆண்டுதோறும் சபை வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும்பொழுது நூல்நிலையத்துக்கு என ஒரு தலைப்பு அதில் இடம்பெற வேண்டியதாயிற்று. தொகை சிறிதாயிருப்பினும், அது மறுபடியும் மறுபடியும் வரும் தொகை. நூலகர் ஊதியத்துக்கெனப் படியேறி இரக்க வேண்டிய நிலை ஒழிந்தது.

இரண்டாவது, உரிமை பிறந்தது. நன்கொடையால் நடக்கும் நிலையத்தில் வாசகன் கொடையாளரின் அன்புக்குக் கடப்பாடுடையவன். வரியால் நடக்கும் நிலையத்திலோ அவனே உடைமையாளருள் ஒருவன். நூல் இல்லையெனக் குறை கூறவும், நேரம் போதாதென விண்ணப்பிக்கவும், அடுத்த தேர்தலில் வாக்கால் விடை கூறவும் அவனுக்கு வழியுண்டு.

மூன்றாவது, போட்டி எழுந்தது. நூல்நிலையம் இனி வடிகாலோடும் வீதியோடும் ஒரே பணப்பெட்டிக்குப் போட்டியிட வேண்டும். இது குறைபோலத் தோன்றினும், ஒருவகையில் நன்மையே. கல்வி ஊரின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்று என்பதைச் சபையின் மேசை மேல் வைத்து வாதிட வேண்டிய கட்டாயம் அதனாற் பிறந்தது.

1936ஆம் ஆண்டில் நகர மண்டபம் எழுந்தபொழுது, அதன் அருகே இருந்த மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நூல்நிலையம் மாறியது. வாடகை அறையில் தொடங்கி ஈராண்டு கழிவதற்குள் அது சபையின் நிழலை அடைந்துவிட்டது.

கட்டட நிதி

யாழ்ப்பாணம் 1949ஆம் ஆண்டில் மாநகர சபை ஆயிற்று. முதல் மேயராகிய சாம் சபாபதி, பெரிய நூல்நிலையம் ஒன்றை எழுப்பும் பணியில் ஈடுபட்டார். 1950களின் முற்பகுதியில் அதற்கெனக் குழு அமைந்தது. நூல்நிலைய அறிவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீ. இரா. அரங்கநாதனின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மனின் வரைபடமும் பெறப்பட்டன. திராவிடக் கட்டடக்கலைச் சாயலில் எழவிருந்த அம்மாளிகைக்கு 1954ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. சென் பத்திரிசியார் கல்லூரியைச் சேர்ந்த லோங் அடிகளார் இம்முயற்சிக்கு உறுதுணையாய் நின்றவர்.

இக்கட்டடத்துக்குரிய பணத்தைச் சோலை வரியிலிருந்து எடுத்தல் இயலாது என்பது வெளிப்படை. ஆண்டு வருவாய் ஆண்டுச் செலவுக்கே போதும். எனவே களியாட்ட விழா நடத்திப் பொருள் சேர்க்கப்பட்டது. விளையாட்டுக்கும் வேடிக்கைக்கும் எனக் கொடுத்த சில்லறைக் காசு கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறிற்று. கொடையை உவந்து கொடுக்க இயலாத ஏழையும் களியாட்டத்தில் ஓர் அனுமதிச் சீட்டு வாங்கியதன் மூலம் அம்மாளிகையின் செங்கல் ஒன்றுக்கு உரியவனாயினான். வெளிநாட்டு நிறுவனங்களும் தூதரகங்களும் உதவின. 1959ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், அன்றைய மேயர் அல்பிரட் துரையப்பா நூல்நிலையத்தைத் திறந்துவைத்தார். சிறுவர் பகுதி 1967இலும், கேட்போர் கூடம் 1971இலும் சேர்ந்தன.

இங்கே ஒரு நிதி நெறி புலனாகிறது. ஒருமுறை வரும் பணத்தை ஒருமுறைச் செலவுக்கும், ஆண்டுதோறும் வரும் பணத்தை ஆண்டுதோறும் வரும் செலவுக்கும் ஆளுதலே அந்நெறி. களியாட்டப் பணத்தால் ஊதியம் கொடுக்க முற்பட்டிருப்பின் நிலையம் அடுத்த ஆண்டே தளர்ந்திருக்கும். வரிப்பணத்தால் மாளிகை கட்ட முற்பட்டிருப்பின் அடித்தளத்தோடு வேலை நின்றிருக்கும்.

பணம் செய்ய இயலாதது ஒன்றும் உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி இந்நிலையம் தீக்கிரையாக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு மீட்டற்கரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. கட்டடத்தைப் பொருளால் மீண்டும் எழுப்பலாம். 2003ஆம் ஆண்டளவில் அது எழுந்தும் விட்டது. ஒரே படியாக இருந்த ஏட்டினை எந்த வரியும் மீட்டுத் தராது. ஆயினும், மீட்டெழுப்பிய நிலையத்தில் நாள்தோறும் வாயிலைத் திறக்க ஆளிருப்பதற்கு, 1935இல் ஒரு சிறு சபை ஏற்ற கடமை தொடர்ந்து வருவதே காரணம்.

தமிழகம் கண்ட சட்டம்

யாழ்ப்பாணத்தில் ஒரு சபையின் விருப்பத்தால் நடந்ததைத் தமிழகம் சட்டத்தின் கட்டாயமாக்கிற்று. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமந்தோறும் கொண்டுசென்ற முயற்சி நிகழ்ந்தது. இவற்றின் முதிர்ச்சியாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராயிருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாநிலங்களுள் முதன்முதல் இத்தகைய சட்டம் கண்டது சென்னையே.

அச்சட்டம் சொத்து வரியின் மேல் ஒரு சிறு மேல்வரியை விதித்தது. தசம நாணயம் வந்தபின் அது வரியில் ரூபாய்க்கு மூன்று காசாக நின்றது; பிற்காலத்தில் பத்துக் காசு வரை உயர்ந்தது. ஆங்கிலச் சட்டம் சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டது. சென்னைச் சட்டமோ கட்டிய வரியையே கணக்கிட்டது. ஆகவே நூறு ரூபாய் சொத்து வரி செலுத்துபவர் நூல்நிலையத்துக்கென மூன்று ரூபாயே மேலதிகமாகக் கொடுத்தார். சுமை சிறிது, பரப்புப் பெரிது. அவ்வரியைத் தண்டிய உள்ளூராட்சி அமைப்புக்கள் சில அதனை நூலகத் துறைக்கு உரிய காலத்திற் செலுத்தாது நிலுவை வைத்தமை தமிழகத்தில் நெடுநாளாகக் கேட்கப்படும் முறைப்பாடு. வரி விதித்தால் மட்டும் போதாது. விதித்த வரி சேரவேண்டிய இடத்தைச் சேர்கிறதா எனக் காண்பாரும் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும் பாடம்.

மலையகத்தின் நிலை

இனி, மலையகத்தை நோக்கின், அங்கே வாசகர் இல்லையென்றோ, பணம் இல்லையென்றோ கூறுதல் பொருந்தாது. கோ. நடேசையர் 1931ஆம் ஆண்டில் ஹட்டனை நடுவிடமாகக் கொண்டு தொழிலாளர் இயக்கத்தை நடத்தினார். அவரும் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் துண்டுப் பிரசுரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் அச்சிட்டுத் தோட்டங்களிற் பரப்பினர். எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, லயத்தின் திண்ணையில் இருந்து பலர் கேட்டனர். வாசகர் கூட்டம் இருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டா.

பணமும் மலையிலிருந்தே சென்றது. தேயிலை ஏற்றுமதியின் மேல் விதித்த தனித்தீர்வையால் 1925ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நுவரெலியாவில் தொடங்கிய அது, சில ஆண்டுகளில் தலவாக்கலையை அடுத்த சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. தேயிலைச் செடியின் நோயையும் மண்ணின் தன்மையையும் ஆராய்வதற்கு ஒவ்வோர் இறாத்தல் தேயிலையும் தன் பங்கினைச் செலுத்திற்று. பயனுள்ள ஏற்பாடே அது. ஆயின், செடியைப் பற்றிய அறிவுக்கு இறாத்தல்தோறும் தீர்வை கண்ட நாடு, அச்செடியைக் கிள்ளிய கையில் ஒரு நூலைக் கொடுப்பதற்கு அத்தகைய தீர்வை எதனையும் காணவில்லை. 1929ஆம் ஆண்டில் உயர்மலைத் தோட்டங்களுக்கு வகுத்த குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அக்கூலியிலிருந்து நூல்நிலையச் சந்தா கட்டுமாறு எவரையும் கேட்டல் இயலாது.

தடை எங்கே இருந்தது எனின், நிருவாக எல்லையிலும் குடியுரிமையிலும் இருந்தது. ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை ஆகிய நகரசபைகளின் எல்லை கடைவீதியோடும் அதனை அடுத்த குடியிருப்புக்களோடும் முடிந்தது. நகரத்தின் வருவாய்க்கு உயிராயிருந்த வாணிகம் சம்பள நாளன்று தோட்டத்திலிருந்து இறங்கிவந்த மக்களால் நடந்தது. கடைக்காரர் செலுத்திய சோலை வரியில் அவர்தம் கூலியும் மறைமுகமாகக் கலந்திருந்தது. ஆனால் சபையின் ஏட்டில் வரியிறுப்பவராக அவர்கள் பெயர் இல்லை. லயம் தோட்டத்தின் உடைமை. அதில் வாழ்பவனுக்கு மதிப்பிடற்குரிய வீடு இல்லை. வீடில்லாதவனுக்கு வரியில்லை, வரியில்லாதவனுக்குக் குரலில்லை.

கிராமப்புற ஆட்சியிலும் வாயில் அடைபட்டது. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபொழுது தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் அச்சங்கங்களின் தேர்தலுக்குப் புறம்பாக்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை கவிஞருமாவார். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. யாழ்ப்பாணம் மாநகர சபையாகிப் பெரிய நூல்நிலையத்தை எண்ணத் தொடங்கிய அதே ஆண்டு, மலையக மக்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கிய ஆண்டு என்பது வரலாற்றின் கொடிய முரண். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாட்டுக்கும் பாதிபாதியாகப் பகுக்கப்பட்டனர். எந்நாட்டில் வாழப்போகிறோம் என்பதை அறியாத குடும்பம், எந்த ஊரில் நூல்நிலையம் கேட்கும்?

நூல் வேட்கையை இத்தடைகள் அணைத்துவிடவில்லை. ஆசிரியரும் இளைஞரும் வாசிகசாலைகளைத் தோட்டங்களில் அமைத்தனர். அவற்றின் நிதி, செல்லப்பா வீட்டில் தொடங்கியபொழுது இருந்த அதே நிலையில் நின்றது. உற்சாகம் உள்ளவரை நடந்தது. உற்சாகி ஊர் மாறிய அன்று பூட்டு விழுந்தது. ஆஸ்பத்திரி வீதி அறைக்கு ஐந்தாம் மாதத்திலேயே ஒரு பட்டின சபை கிடைத்தது. லயத்து வாசிகசாலைக்குக் கிடைக்கவில்லை.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். தோட்டத்து மக்களிடம் பணம் திரட்டும் வழியே இல்லையா எனலாம். உண்டு. சந்தா என்னும் சொல்லுக்கு மலையகத்திற் பெருவழக்கான பொருள், தொழிற்சங்கத்துக்கெனச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் பணம் என்பதே. கோயிற் பணமும் அவ்வாறே செக்ரோலிற் பிடிக்கப்படுவதுண்டு. மக்கள் கொடுக்கும் பழக்கமுடையவர் என்பதை இவை காட்டும். ஆயினும், யாழ்ப்பாண வரலாறு காட்டுவது வேறொன்று. வறியோர் தம்முள்ளே பணம் திரட்டி நடத்தும் நிலையம் வறியதாகவே நிற்கும். வீடுடையோரும் கடையுடையோரும் செலுத்தும் வரி, வீடும் கடையும் இல்லாதவனுக்கும் நூலைத் தருமாறு அமைவதே பொது நூல்நிலையத்தின் அறம். அவ்வறத்துக்குச் சபையே கருவியாதல் வேண்டும்.

திறந்த வாயில்

குடியுரிமை வழக்கு 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் பெரும்பாலும் முடிவுற்றது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியதன் பின் எழுத்தறிந்தோர் தொகையும் பெருகிற்று. எனினும் நிதித்தடை மேலும் சில காலம் நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்களிற் செலவிடுதற்குத் தடையாக அமைந்தது. வாக்களித்துச் சபையை அமைத்த மக்கள், அச்சபையின் பணத்தால் ஒரு பாதையையோ படிப்பகத்தையோ உரிமையோடு கேட்க இயலாதிருந்தனர். 2018ஆம் ஆண்டின் திருத்தம் அத்தடையை நீக்கிற்று. அதே ஆண்டில் அம்பகமுவை, நுவரெலியா ஆகிய இரு பிரதேச சபைகள், நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகியனவும் சேர ஆறு சபைகளாக இயங்கத் தொடங்கின.

யாழ்ப்பாணம் 1935இல் நின்ற படியில் மலையகம் கால்வைத்தது 2018இல் என்று கூறின் அது மிகையன்று. இடைப்பட்ட தூரம் எண்பத்து மூன்று ஆண்டு. ஆயினும், சட்டம் தடையை நீக்குமேயன்றித் தானே நூலை வாங்கித் தாராது. யாழ்ப்பாணத்திலும் சபை தானாக முன்வந்து நூல்நிலையம் கண்டதில்லை. முதலில் ஒருவர் தம் வீட்டைத் திறந்தார். பின்னர் ஊரார் கூடினர். அறை ஒன்று வாடகைக்கு எடுத்து நடத்திக் காட்டினர். அதன்பின்பே சபை ஏற்றது. நடந்துகொண்டிருக்கும் நிலையத்தை ஏற்குமாறு கேட்பது, இல்லாத நிலையத்தை ஆக்குமாறு கேட்பதினும் எளிது.

ஆதலின், மலையகத்தில் நூல்நிலையப் பணியை விரும்புவோர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. கட்டடமும் தளபாடமும் நன்கொடையால் வரலாம். வெளிநாட்டிலிருந்து நூற்பொதிகளும் வரலாம். அவற்றை ஏற்கும் முன், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நூலகரின் ஊதியத்தையும் புதிய நூல்களின் விலையையும் எந்தத் தலைப்பில் எந்தச் சபை கொடுக்கும் என்று கேட்டல் வேண்டும். 1850ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் செய்த தவறு, அஃதாவது சுவருக்குப் பணம் கொடுத்து நூலுக்குக் கொடாத தவறு, நிகழாது காத்தல் வேண்டும். சபையின் வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் நாளில், நூல்நிலையத் தலைப்பின் எதிரே எழுதிய தொகை யாதென வினவுவார் ஊர்தோறும் இருத்தல் வேண்டும். அத்தொகை சிறிதாயிருப்பின் பெரிதாக்குமாறு கேட்கலாம். அத்தலைப்பே இல்லாதவிடத்து, நிலையத்தின் பெயர்ப்பலகை எத்துணைப் பெரிதாயினும், அதன் வாயில் நெடுநாள் திறந்திராது.